எல்லாருக்கும் ஆமாம் சொன்னவன்

தொலைக்காட்சியில் வேட்பாளர்கள் விவாதம் தொடங்கியதும் வெர்லின் ஹைஸ்மன் முதலில் செய்கிற காரியம், ஒலியை மொத்தமாக மூடிவிடுவது. பிறகு நாற்காலியைப் பெட்டிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கிண்ணம் சோளப்பொரியோடு உட்கார்ந்து, மேடையில் நிற்பவர்களின் கைகளை மட்டும் பார்ப்பான். பேச்சைக் கேட்டால் ஏமாந்துபோவோம், கையைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பது அவன் கட்சி. வேறு கட்சி எதிலும் அவன் இருந்ததில்லை.

மறுநாள் காலை அவன் வேலை பார்க்கும் டயர் கடையில் கூட்டம் நெரியும். பாதிப் பேருக்கு டயரில் ஒரு குறையும் இருக்காது. காற்றுப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஓசிக் காப்பியோடு கல்லாவைச் சுற்றி நிற்பார்கள்.

"செனட்டர் ஹாலோவே எப்படி வெர்லின்?"

"விரலை நீட்டினவரு மடக்கவே இல்ல. வாத்தியார் மாதிரி. இவரு ஜனாதிபதி ஆனா நமக்கு நாலு வருஷம் வீட்டுப்பாடம்தான்."

"மேயர் பிரென்டிஸ்?"

"கோட்டு பட்டனைப் போடறாரு, கழட்டறாரு, மறுபடி போடறாரு. மேடையில குளிரா, பயமா, ஒண்ணும் புரியல."

சிரிப்பில் காப்பி சிந்தும். அந்தக் குளிர்காலம் எங்கள் அயோவாவில் அப்படித்தான் இருந்தது. எந்த உணவகத்தில் நுழைந்தாலும் ஒரு வேட்பாளர் யாருடைய தட்டையாவது எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். விளம்பரங்களின் இடுக்கில் வானிலை அறிக்கையைத் தேடவேண்டியிருந்தது. ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது எங்கள் மாநிலத்தில்தான் முதலில் தொடங்கும் என்பதால் நாடே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை வெளியே காட்டிக்கொள்ளாமல் அலுத்துக்கொள்வதும் அந்தச் சந்தோஷத்தில் ஒரு பகுதிதான்.

வெர்லினிடம் ஒரே ஒரு கோளாறு. யார் முகத்தைப் பார்த்தும் இல்லை என்று சொல்ல அவனுக்கு வராது. அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, எங்கள் ஊரே அப்படி. பிடிக்காத பதார்த்தத்தை இரண்டாம் முறை பரிமாறினாலும் தின்றுவிட்டு, செய்முறை கேட்டு எழுதிக்கொண்டு போகிறவர்கள் நாங்கள்.

பக்கத்து வீட்டு கெர்ரிட் ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் தன் வாசலை முடித்த கையோடு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து வெர்லின் வாசலிலும் பனியை ஒதுக்கிவிடுவான். அந்த இயந்திரத்தின்மேல் சாய்ந்துகொண்டுதான் ஒருநாள் கேட்டான்.

"யோவ், ஹாலோவே பக்கம் வந்துருவல்ல?"

"ஆமா, ஆமா," என்றான் வெர்லின். வாசல் அத்தனை சுத்தமாக இருந்தது. வேறு என்ன சொல்ல முடியும்?

பல் மருத்துவர் ரீட்ஸ்மா மேயர் பிரென்டிஸின் ஆள். அவர் கேட்டபோது வெர்லின் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். தலையை ஆட்டிவைத்தான். இன்னொரு வேட்பாளர் தானே நேரில் வந்து, பஞ்சரான டயரை மாற்றிக்கொண்டு, கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களை நம்பலாமா?" என்று கேட்டார். அவருக்கும் ஆமாம். நல்லவேளையாக அவர் ஜனவரியிலேயே போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். அவருக்காக ஊரில் உண்மையாகச் சந்தோஷப்பட்டவன் வெர்லின் ஒருவன்தான்.

கேட்காதவள் ஒருத்திதான். அவன் மனைவி ஆர்லிஸ்.

ஆர்லிஸ் ஒரு வருஷமாக ஆளுநர் ரூத் கெஸ்லருக்காக வீடு வீடாக ஏறி இறங்கினாள். கெஸ்லர் ஜெயிப்பார் என்று கெஸ்லரே நம்பியிருக்க மாட்டார். ஊரில் அவருக்கு ஆதரவாளர்கள் என்று எண்ணினால் நூலகத்தின் நிலவறையில் போட்ட ஒரு மேசைக்குள் அடங்கிவிடுவார்கள். ஆனால் மூடிப்போன சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளின் பிரசவப் பிரிவுகளைத் திறப்பேன் என்று அவர் ஒருவர்தான் சொன்னார். ஆர்லிஸுக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவை மூடினார்கள். அடுத்த மாதமே வெர்லினின் மகள் ஜோலினுக்கு வலி கண்டது. பனிப்புயலில் ஒரு மணி நேரப் பயணம். பாதி வழியில், ஒரு பெட்ரோல் பங்கின் வெளிச்சத்தில், காரின் பின்சீட்டில் ஆர்லிஸின் கைகளில் குழந்தை பிறந்தது. வண்டி ஓட்டியவன் வெர்லின். இப்போது பேத்திக்கு ஒரு குறையுமில்லை, தாத்தாவின் மூக்குக்கண்ணாடியை உடைப்பதுதான் அவளுக்கு முழுநேர வேலை. ஆனால் அந்த இரவைப் பற்றி வெர்லின் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. டயர் கடையில் எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறவன் அதைப் பற்றி மட்டும் பேசமாட்டான்.

ஜனவரியில் கடைசி விவாதம் நடந்தது. ஆர்லிஸ் தன் கூட்டத்தோடு நூலகத்தில் பார்த்தாள். வெர்லின் வீட்டில் சோளப்பொரியோடு. நிகழ்ச்சி முடிந்து சற்று நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. காலணியில் ஒட்டிய பனியைக்கூட உதறாமல் ஆர்லிஸ் உள்ளே ஓடி வந்தாள்.

"கேட்டியா? வெர்லின், கேட்டியா?"

"பார்த்தேன். உங்க கெஸ்லரம்மா தேறலையே! கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டாங்க. ஹாலோவே விரல் ஒரு பக்கம், பிரென்டிஸ் பட்டன் ஒரு பக்கம், நடுவுல இவங்க சிலை மாதிரி. பத்துக்கு மூணு மார்க்."

ஆர்லிஸ் தொலைக்காட்சியைப் பார்த்தாள். அதில் யாரோ சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க நம்ம ஜோலினைப் பத்திச் சொன்னாங்க," என்றாள் மெதுவாக. "போன மாசம் கூட்டத்துல நான் அவங்ககிட்ட சொன்னேன். பேரைச் சொல்லாம, அந்த பெட்ரோல் பங்க், அந்தப் பனி, எல்லாத்தையும் சொன்னாங்க. அரங்கமே அமைதியாயிடுச்சு. நாடே கேட்டுது வெர்லின். நீ ஒருத்தன் கேக்கல."

வெர்லினுக்கு அவமானத்தில் காது சுட்டது. இரண்டு நாள் பொறுத்து, பாத்திரம் துடைக்கிற சாக்கில் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"நான் வேணும்னா உங்க பக்கம் நிக்கறேன்."

"நான் கேக்கலையே."

"சரி, கேளேன்."

"மாட்டேன். கேட்டா ஆமான்னு சொல்லுவ. கெர்ரிட்டுக்கும் அதைத்தான் சொன்ன, டாக்டருக்கும் அதைத்தான் சொன்ன. உன் ஆமாவை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

வெர்லின் கழுவாத தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தான்.

பிப்ரவரியில் அந்த மாலை வந்தது. ரகசிய வாக்கு, திரை, பெட்டி எல்லாம் நவம்பருக்குத்தான். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நாங்கள் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் கூடி, ஆளுக்கொரு மூலையாகப் போய் நிற்போம். யார் எந்த மூலையில் நிற்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரனும் பார்ப்பான், பல் மருத்துவரும் பார்ப்பார், மனைவியும் பார்ப்பாள்.

வெர்லினும் ஆர்லிஸும் ஒரே காரில் வந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. உள்ளே நுழைந்ததும் ஈரக் காலணி நாற்றமும் இலவங்கப்பட்டை ரொட்டி வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. கூச்சல், கொடிகள், சின்னக் குழந்தைகளின் ஓட்டம். ஒரு மூலையில் ஹாலோவே பெயர் போட்ட தொப்பியோடு கெர்ரிட் இரண்டு கைகளையும் ஆட்டிக் கூப்பிட்டான். எதிர் மூலையிலிருந்து டாக்டர் ரீட்ஸ்மா எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தார். ஆர்லிஸ் திரும்பிப் பார்க்காமல் தன் சின்னக் கூட்டத்தை நோக்கி நடந்தாள்.

மூன்று பக்கமும் பார்த்தான் வெர்லின். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே ஒரு அட்டை தொங்கியது: 'முடிவு செய்யாதவர்கள்.' அதன் அடியில் ஒரே ஒரு நாற்காலி, அதில் முதியவர் வில்லிஸ் அரைத்தூக்கத்தில். வெர்லின் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டான். ஊர் முழுக்கச் சிரித்தது.

"உலகத்துல எல்லாத்தைப் பத்தியும் அபிப்பிராயம் இருக்கற ஆளு முடிவு பண்ணலையாம்!" என்று யாரோ கத்தினார்கள்.

கூட்டத் தலைவர் ஹார்லன் மேசையைத் தட்டினார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், குரலில் பிரம்பு இன்னும் இருந்தது.

"அமைதி! வந்திருக்கறது அறுபத்தெட்டு பேர். எந்தக் கூட்டத்துக்கும் குறைஞ்சது பதினொரு பேர் வேணும். இல்லாட்டி அந்த மூலை கலையும். கலைஞ்சவங்க வேற மூலைக்குப் போகலாம், இல்ல ஆள் சேர்த்துக்கலாம். வரிசையா நின்னு நம்பரைச் சத்தமா சொல்லுங்க. முணுமுணுக்கறவங்களை எண்ணமாட்டேன்."

ஹாலோவே மூலையில் முப்பது, பிரென்டிஸ் மூலையில் இருபத்தாறு. கெஸ்லர் மூலையில் ஒன்று, இரண்டு என்று தொடங்கிய குரல் பத்தில் நின்றுபோனது. பத்து என்று சொன்னவள் ஆர்லிஸ். அதற்குப் பிறகு யாரும் இல்லை.

"ஒரு ஆள் குறையுது," என்றார் ஹார்லன். "அரை மணி நேரம். ஆரம்பிங்க!"

கூடம் சந்தையாகிவிட்டது. ஹாலோவே ஆட்களும் பிரென்டிஸ் ஆட்களும் ஆர்லிஸின் பத்துப் பேரை ஆளுக்கு ஒரு பக்கமாக இழுக்கப் பார்த்தார்கள். கெர்ரிட்டின் மனைவி ரொட்டித் தட்டோடு வந்து வில்லிஸின் மூக்குக்கு நேரே நீட்டினாள். முதியவர் கண்ணைத் திறந்தார், தட்டைப் பார்த்தார், எழுந்து அவள் பின்னாலேயே ஹாலோவே மூலைக்குப் போய்விட்டார். இத்தனை தெளிவான அரசியல் முடிவை அன்று வேறு யாரும் எடுக்கவில்லை. வளையத்தின் கீழ் வெர்லின் தனியாக நின்றான்.

கெர்ரிட் வேகமாக வந்தான். "வாய்யா, என்ன வெட்கம்? நீதான் வரேன்னு சொன்னியே."

அதே நேரம் டாக்டரும் வந்து சேர்ந்தார். "வெர்லின், போலாமா? உங்களை எண்ணித்தான் நான் கணக்குக் குடுத்திருக்கேன்."

கெர்ரிட் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் கெர்ரிட்டைப் பார்த்தார். இருவரும் வெர்லினைப் பார்த்தார்கள்.

"இவருக்குமா சொன்ன?" என்றான் கெர்ரிட்.

"டாக்டர் கேட்டப்ப என் வாயில அவரோட ரெண்டு கையும் இருந்துச்சு!"

சுற்றி இருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். கெர்ரிட் சிரிக்கவில்லை. "அப்ப என் இயந்திரம் உன் வாயிலயா இருந்துச்சு?" என்று கேட்டான். சிரிப்பு இன்னும் கூடியது. வெர்லினுக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. மேடையில் நிற்பவர்களுக்கெல்லாம் மார்க் போட்டவன் இப்போது தானே மேடையில் நின்றான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தன் கோட்டுப் பட்டனைத் தானே போட்டுக் கழற்றிக்கொண்டிருப்பதைக் கவனித்து சட்டென்று கையை எடுத்தான்.

ஹார்லன் மறுபடி தட்டினார். "கூட்டத்துக்கு ஒருத்தர், ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசலாம். கெஸ்லர் பக்கம் முதல்ல."

ஆர்லிஸ் கூடத்தின் நடுவே வந்தாள். வெர்லின் பழக்கதோஷத்தில் அவள் கைகளைத் தேடினான். அவள் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டாள். முப்பத்து நான்கு வருஷமாக அவனோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். பார்க்க ஒன்றுமில்லை. ஒலியை மூடவும் வழியில்லை. கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"என் பேத்தி பெட்ரோல் பங்க்ல பிறந்தது உங்க எல்லாருக்கும் தெரியும்," என்றாள் ஆர்லிஸ். "அன்னிக்கு வண்டி ஓட்டினது யாருன்னும் தெரியும். கண்ணாடியில வெறும் வெள்ளை. ரோடு எங்க, பள்ளம் எங்க, ஒண்ணும் தெரியல. பின்னாடி என் பொண்ணு கத்தறா, நானும் கத்தறேன். ஸ்டியரிங்ல இருந்த கை ரெண்டும் ஒரு தடவைகூட நடுங்கல. நான் பார்த்துக்கிட்டே வந்தேன். அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம்."

கூடத்தில் குழந்தைகள்கூட ஓட்டத்தை நிறுத்தியிருந்தன.

"எல்லாம் முடிஞ்சு குழந்தை அழுதுச்சு. அந்த மனுஷன் வண்டியை விட்டு இறங்கி, பங்குக்குப் பின்னாடி போய், சுவத்துல தலையை வெச்சுக்கிட்டு அழுதாரு. நான் பார்க்கலைன்னு இன்னிக்கு வரைக்கும் நினைச்சுக்கிட்டு இருக்காரு. அவரு கை நல்ல கை. ஆனா கை மட்டும் நல்லா இருந்தாப் போதாதுங்க. பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியும் இருக்கணும். கெஸ்லர் ஜெயிக்கமாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா இதை மாவட்டக் கூட்டத்துல போய்ச் சொல்றதுக்கு இந்த ஊர்லேர்ந்து ஒரு ஆளாவது போகணும். அவ்வளவுதான்."

அவள் வெர்லின் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. கெஞ்சவில்லை, கூப்பிடவில்லை. தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள்.

வெர்லின் யாருக்கும் தெரியாது என்று பூட்டி வைத்ததை அவள் இத்தனை நாள் தெரிந்தே வைத்திருந்தாள்! வெட்கம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே இன்னதென்று சொல்லமுடியாத ஒரு வேகமும் வந்தது. கால் தானாக நகர்ந்தது.

"யோவ், எங்க போற?" என்றான் கெர்ரிட், கையைப் பிடித்து.

"கெர்ரிட், உனக்கு நான் ஆமான்னு சொன்னது பொய்," என்றான் வெர்லின். "உன் முகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. இப்ப சொல்றேன். இல்ல. டாக்டர், உங்களுக்கும் இல்ல. மன்னிச்சுக்கங்க."

இரண்டு இல்லைகள்! நாற்பது வருஷமாக அவன் சேர்த்து வைத்தது மொத்தமும் ஒரே மூச்சில் போய்விட்டது. கெர்ரிட்டின் பிடி தானாகத் தளர்ந்தது. வெர்லின் நடந்தான். பளபளக்கும் மரத்தரையில் அவன் காலணி கிரீச்சிடும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஹாலோவே கூட்டம் ஊளையிட்டது. பிரென்டிஸ் கூட்டம் கால்களால் தரையை உதைத்தது. கெஸ்லர் மூலையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அவன் போய் ஆர்லிஸுக்குப் பக்கத்தில், வரிசையின் கடைசியில் நின்றான்.

"எண்ணுங்க," என்றார் ஹார்லன்.

"ஒண்ணு!" "ரெண்டு!" "மூணு!" ஒவ்வொரு குரலும் முன்னதைவிட உரக்க வந்தது. ஏழில் யாரோ அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். ஒன்பது. "பத்து," என்றாள் ஆர்லிஸ். அப்போதுதான் அவனைப் பார்த்தாள்.

"பதினொண்ணு!"

அவன் போட்ட சத்தத்தில் வில்லிஸின் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. ஹார்லன் காதைத் தேய்த்துக்கொண்டே, "முணுமுணுக்காதேன்னுதான் சொன்னேன், கூரையைப் பிரிக்கச் சொல்லல," என்றார். கெஸ்லர் மூலை துள்ளியது. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள், பாட்டி வயதில் இருந்த ஒருத்தி வெர்லினின் கன்னத்தைக் கிள்ளினாள். நாட்டின் ஜனாதிபதியே அந்த மூலையில் முடிவாகிவிட்டார் என்றுதான் பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள். அவர்களுக்குக் கிடைத்தது மாவட்டக் கூட்டத்துக்கு ஒரே ஒரு பிரதிநிதி.

"யாரை அனுப்பறீங்க?" என்று கேட்டார் ஹார்லன்.

"வெர்லினை அனுப்புங்க, அந்தக் குரல் போதும்," என்றார் ஒருவர். பத்துப் பேரும் அவன் பக்கம் திரும்பினார்கள். ஆர்லிஸ் ஒரு வருஷமாகக் கேட்காததை அப்போது கேட்டாள்.

"போறியா வெர்லின்?"

ஆமாம் அவன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினான்.

"என்னிக்கு?"

"மார்ச்சுல. ஒரு சனிக்கிழமை முழுக்க."

"பேசணுமா?"

"பேசணும். நீயேதான் பேசணும்."

"யோசிச்சுச் சொல்றேன்."

ஆர்லிஸ் ஒரு கணம் அவனையே உற்றுப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கெர்ரிட் தன் காரின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவர்கள் கடந்து போகும்போது தலையைத் தூக்காமலே சொன்னான்: "நாளைக்கு உன் வாசல் பனியை நீயே தள்ளிக்க."

"தள்ளிக்கறேன்," என்றான் வெர்லின்.

"மண்வெட்டி இருக்கா?"

"இல்ல."

"என்கிட்ட ரெண்டு இருக்கு," என்று முறைத்துவிட்டு கெர்ரிட் கண்ணாடியைச் சுரண்டுவதில் இறங்கினான்.

காரில் ஏறி இருவரும் இஞ்சின் சூடாகும்வரை உட்கார்ந்திருந்தார்கள். முன்கண்ணாடியில் வெறும் வெள்ளை. வெர்லின் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தான். இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. அவன் அவற்றை மறைக்கவில்லை.

"அந்த ராத்திரி எனக்கு எவ்வளவு பயம் தெரியுமா," என்றான்.

"சொல்லு."

சொன்னான். கண்ணாடியில் பனி உருகி வழியும்வரை சொன்னான். ஆர்லிஸ் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

"யோசிச்சுட்டேன். மார்ச்சுல நான் போறேன்."

ஆர்லிஸ் பையிலிருந்து கையை எடுத்து அவன் கைமேல் வைத்தாள்.

"இந்த ஆமாவை நான் வெச்சுக்கறேன்," என்றாள்.